சிவப்பு நோட்டை எழுதிய இருவருக்கு

அன்புள்ள ரேச்சல் கோன், டேவிட் லெவிதன் இருவருக்கும்,

நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதி 2010 அக்டோபரில் வெளிவந்த 'டாஷ் அண்ட் லில்லீஸ் புக் ஆஃப் டேர்ஸ்' நாவலுக்கு நன்றி சொல்ல எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டில் பிறந்தவள் நான். நியூயார்க்கைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் கதையில் வரும் பிள்ளைகளுக்கு 16 வயது. அந்த வயதை நான் கடந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் பண்டிகை நாளில் தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று இவ்வளவு கலகலப்பாகவும் இவ்வளவு உண்மையாகவும் சொன்ன இன்னொரு கதையை நான் படித்ததில்லை. தனிக்கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இங்கேயும் இந்தப் புத்தகம் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான்.

அவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 21, மன்ஹாட்டன். டாஷின் பெற்றோர் பிரிந்து வாழ்கிறவர்கள். அம்மாவிடம் அப்பாவோடு இருக்கப்போகிறேன் என்கிறான், அப்பாவிடம் அம்மாவோடு என்கிறான். இருவரும் நம்பி ஊரைவிட்டுக் கிளம்பிவிட, பண்டிகை முழுவதும் அவனுக்கே அவனுக்கு. கிறிஸ்துமஸ் சந்தடியே பிடிக்காத பையன். பிராட்வேயும் 12-வது தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் 'ஸ்ட்ராண்ட்' புத்தகக் கடைக்குப் போகிறான். அங்கே, தனக்குப் பிடித்த எழுத்தாளர் சாலிஞ்சரின் புத்தகங்களுக்கு அருகே, சிவப்பு அட்டை போட்ட மோல்ஸ்கின் நோட்டு ஒன்று செருகியிருக்கிறது. பிரித்தால் யாரோ ஒரு பெண்ணின் கையெழுத்து. இன்ன புத்தகத்தைத் தேடு, இன்ன பக்கத்தில் இன்ன சொல்லைப் பார் என்று வரிசையாகக் குறிப்புகள். கையில் எடுத்து நிற்கவே கூசும் புத்தகங்களும் அதில் உண்டு. தேடிச் சேர்த்தால் ஒரு கேள்வி பிறக்கிறது.

நோட்டுக்குச் சொந்தக்காரி லில்லி. வருடம் முழுக்க கிறிஸ்துமஸுக்காகவே காத்திருப்பவள். பலகாரம் சுடுவாள், தெருத்தெருவாகப் பண்டிகைப் பாட்டுப் பாடுவாள், அக்கம்பக்கத்து நாய்களை நடத்திக்கொண்டு போவாள். இந்த வருடம் பார்த்து அப்பாவும் அம்மாவும் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக ஃபிஜி தீவுக்குப் போய்விட்டார்கள். தாத்தா ஃப்ளோரிடாவில். வீட்டில் இருக்கும் அண்ணன் லாங்ஸ்டனுக்கு அவன் காதலனோடு இருக்கத்தான் நேரம். நோட்டு யோசனையே அண்ணனுடையதுதான். தங்கை சும்மா உட்கார்ந்து வருந்தவேண்டாம் என்று செய்தது.

டாஷ் பதில் எழுதுகிறான். எழுதி, தன் பங்குக்கு ஒரு சவாலையும் வைத்துவிட்டுப் போகிறான். அங்கிருந்து அந்த நோட்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. மேசிஸ் கடையில் சாண்டா வேடம் போட்டவர், பிட்சா கடை, எஃப்.ஏ.ஓ. ஷ்வார்ஸ் பொம்மைக் கடை, புரூக்ளினில் வீட்டுக்கு வீடு விளக்கு கட்டும் டைக்கர் ஹைட்ஸ் என்று எங்கெங்கோ. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருவரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் என்னை முதலில் பிடித்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். காதல் கடிதம் என்றால் மனசைத் திறந்து எழுதுவது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். உங்கள் பிள்ளைகள் அப்படிச் செய்வதில்லை. நோட்டின் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு வேலை இருக்கிறது. எழுந்து வெளியே போ, அந்தக் கூட்டத்துக்குள் நுழை, உனக்குப் பிடிக்காத அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நில், பார்த்ததை வந்து சொல். டிசம்பர் கடைசி வாரத்தில் மேசிஸுக்குப் போவது டாஷைப் போன்றவனுக்கு எவ்வளவு பெரிய தண்டனை! போகிறான். பொம்மைக் கடையில் உட்கார்ந்து, தன்னைப் போலவே சிடுசிடுக்கும் ஒரு மப்பெட் பொம்மையைச் செய்கிறான். லில்லி, இரவு நேரத்தில் தனியாக எங்கும் போய்ப் பழகாதவள், கூட்டமும் கூச்சலுமான ஒரு இசைநிகழ்ச்சிக்குப் போகிறாள். அங்கிருந்து அவசரமாக ஓடிவரும்போது ஒரு பூட்ஸைத் தவறவிட, அது டாஷின் கையில் கிடைக்கிறது. ஒற்றைக் காலணியை வைத்துக்கொண்டு பெண்ணைத் தேடும் பழைய கதை எல்லோருக்கும் தெரியும். அதை நீங்கள் கொண்டாட்டமாக எடுத்தாண்டிருக்கிறீர்கள்.

தனிமையில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்வதைவிட, போய்ச் செய்ய ஒரு காரியம் கொடுப்பது எவ்வளவோ மேல். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பண்டிகை என்று பரிசோதனைகளை நிறுத்திவைக்க முடியாது, யாராவது ஒருவர் இருந்தே ஆகவேண்டும். குடும்பம் குட்டி என்று இருப்பவர்களுக்கு விடுப்பு போனபிறகு தீபாவளி டூட்டி பெரும்பாலும் என் பெயரில் வந்து விழும். வேலை எனக்குப் பாரமில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு ஆய்வகம் அமைதியாக இருக்கும், எனக்குப் பிடிக்கும். தாங்க முடியாதது கேள்விதான். "ஊருக்குப் போகலையா? ஐயோ பாவம், தனியா இருக்கீங்களா?" என்று கேட்கிறவர்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் அந்த 'பாவம்' காதில் விழுந்த பிறகுதான் நான் தனியாக இருப்பதே எனக்கு உறைக்கும்.

டாஷை நீங்கள் பாவமாக்கவில்லை. அதற்காகவே இந்த நாவலுக்கு ஒரு தனி நன்றி சொல்லவேண்டும். பண்டிகையை வெறுக்கிறவனைக் கடைசிப் பக்கத்தில் மனம் திருந்தவைத்து, விருந்து மேசையில் உட்காரவைப்பது கிறிஸ்துமஸ் கதைகளின் நீண்ட வழக்கம். 1843-இல் டிக்கன்ஸ் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' எழுதிய நாள்முதல் அந்தத் தடம் விழுந்து கிடக்கிறது. நீங்கள் அதில் நடக்கவில்லை. டாஷ் தனியாக இருக்க விரும்பியதும் உண்மை, அந்தத் தனிமைக்குள் ஓர் ஓட்டை இருந்ததும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எது சரி என்று தீர்ப்பு சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். லில்லியின் பக்கம் இதற்கு நேர்மாறு. சுற்றி எப்போதும் மாமாக்களும் அத்தைகளும் உறவுப் பிள்ளைகளும் இருக்கும் பெண் அவள். ஆனால் வயதொத்த சிநேகம் அநேகமாக இல்லை. சின்ன வயதில் ஆசையாய் வளர்த்த பிராணி செத்துப்போனபோது பள்ளியில் கத்தி அழுதாள் என்பதற்காக ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் இன்னும் அவளுக்கு வலிக்கிறது. குடும்பம் நிறைந்த வீட்டிலும் ஒரு பெண் தனியாக இருக்க முடியும் என்பதை, பலகார மணத்துக்கும் பாட்டுக்கும் நடுவில், நீங்கள் எவ்வளவு மெதுவாகச் சொல்லிவிடுகிறீர்கள்!

இதை இருவர் எழுதியதால்தான் இப்படி வந்தது என்று நினைக்கிறேன். லில்லியின் அத்தியாயங்கள் ரேச்சல் எழுதியவை, டாஷின் அத்தியாயங்கள் டேவிட் எழுதியவை. முன்கூட்டித் திட்டம் போடாமல் மின்னஞ்சலில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டு எழுதினீர்கள். 2006-இல் வந்த 'நிக் அண்ட் நோராஸ் இன்ஃபினிட் பிளேலிஸ்ட்' நாவலிலும் இதே முறைதான். அது 2008-இல் திரைப்படமும் ஆனது. ஆனால் டாஷ்-லில்லியில் அந்த எழுதும் முறையும் கதையும் ஒன்றாகிவிட்டன. நோட்டு வந்ததும் பிரிக்கிற டாஷின் படபடப்பு, ரேச்சலிடமிருந்து அடுத்த அத்தியாயம் வந்ததும் பிரிக்கிற டேவிட்டின் படபடப்பாகவும் இருந்திருக்கும் அல்லவா? அது பக்கங்களில் தெரிகிறது. ஓர் அத்தியாயம் முடிகிற இடத்தில் அடுத்தவருக்கு வேண்டுமென்றே ஒரு சிக்கலைப் போட்டுவிட்டுப் போகிறீர்கள், அவர் அதைச் சிரித்துக்கொண்டே அவிழ்க்கிறார். டேவிட் அவர்களே, பள்ளிநாளில் தொடங்கி ஒவ்வொரு காதலர் தினத்துக்கும் நண்பர்களுக்காக ஒரு கதை எழுதிக்கொடுக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு என்று படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. இந்த நாவலிலும் கொடுத்த கை தெரிகிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பார்க்காமலே காதல் என்பது எங்களுக்குப் புதிதல்ல. 1996-இல் அகத்தியன் இயக்கிய 'காதல் கோட்டை' படத்தை இங்கே தெரியாதவர்கள் குறைவு. ஊட்டியில் கமலி, ஜெய்ப்பூரில் சூர்யா. தொலைந்துபோன சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பியதில் தொடங்கிக் கடிதத்திலேயே வளர்ந்த காதல். தேசிய விருது பெற்ற படம். கடைசியில் ரயில் நிலையத்தில், தான் அனுப்பிய ஸ்வெட்டரை அவன் மேலே பார்த்து அவள் அடையாளம் கண்டுகொள்ளும்போது தியேட்டரே எழுந்து நின்றது. உங்கள் ஊரிலும் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் 1940-இல் எடுத்த 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' இருக்கிறது. ஒரே கடையில் வேலை பார்த்து ஓயாமல் சண்டை போடும் இருவர், முகம் தெரியாத கடித நண்பர்களாக ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். உண்மை தெரிவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், படம் முடிகிற நேரத்தில். அதன் வழியில் வந்ததுதான் 1998-இன் 'யூவ் காட் மெயில்'. இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் சந்திப்புதான் முடிவு. பார்த்துவிட்டார்களா, சுபம், விளக்கைப் போடு.

நீங்கள் சந்திப்பை நடுவில் வைத்தீர்கள். அதையும் கெடுத்துவைத்தீர்கள்.

குடித்துப் பழக்கமில்லாத லில்லி அன்றைக்குக் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்து நிற்கிறாள். அவளைத்தான் டாஷ் முதன்முதலாகப் பார்க்கிறான். இத்தனை நாள் நோட்டில் பேசிய அந்தக் கூர்மையான, துணிச்சலான, யாரையும் போலில்லாத பெண் எங்கே? வாசிக்கும்போது எனக்கு வயிறு கலங்கியது. அவளுக்காக வெட்கப்பட்டேன், அவனுக்காக ஏமாற்றம் அடைந்தேன். அவன் கோபப்படவுமில்லை, பெருந்தன்மை காட்டவுமில்லை. பத்திரமாக வீட்டில் சேர்க்கிறான். ஆனால் மனசுக்குள் ஏதோ ஒன்று சரிந்துவிட்டது என்பதை டேவிட் மறைக்கவில்லை. மறுநாள் லில்லி படும் அவமானத்தை ரேச்சல் ஓர் இம்மியும் குறைக்கவில்லை.

இதற்கு நீங்கள் முன்கூட்டியே அடித்தளம் போட்டிருந்தீர்கள் என்பது இரண்டாம் முறை படித்தபோதுதான் கண்ணில் பட்டது. டாஷின் முன்னாள் காதலி சோஃபியா விடுமுறைக்கு ஸ்பெயினிலிருந்து வந்திருக்கிறாள். அவள்தான் அவனிடம் சொல்கிறாள், நீ உன் மனதில் ஒரு பெண்ணை வரைந்துவைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவளை அவளோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய் என்கிற பொருளில். விட்டுப்போன காதலியைப் பொறாமைக்காரியாகவோ வில்லியாகவோ வைப்பது காதல் நகைச்சுவைக் கதைகளில் சுலபமான வழி. நீங்கள் அவளை நாவலிலேயே மிகவும் தெளிவான பெண்ணாக்கி, கதையின் நடு முடிச்சை அவள் வாயால் சொல்லவைத்திருக்கிறீர்கள். அவள் வரும் பக்கங்கள் குறைவுதான். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று ஏங்கினேன்.

சந்திப்பு கெட்டபிறகு கதைக்கு என்ன வேலை? அங்கேதான் கதையே இருக்கிறது. காகிதத்தில் இருந்தவளும் எதிரில் நிற்பவளும் ஒருத்தியேதானா என்று அவன் கண்டுபிடிக்கவேண்டும். அவளும்தான். கடிதத்தில் எழுதிய துணிச்சல் தனக்கு நிஜமாகவே உண்டா என்று அவள் தன்னிடமே கேட்கவேண்டும். புத்தாண்டு நெருங்க நெருங்க, இருவரும் மறுபடி மெல்ல எழுதியும் பேசியும் ஒருவரிடம் ஒருவர் வந்து சேர்கிறார்கள். வந்து சேரும்போது இருவரும் முன்பைவிடச் சாதாரணமானவர்களாக இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை உணர்ந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடிதம், குறுஞ்செய்தி, தொலைபேசி என்று மட்டுமே ஒருவரை அறிந்து, நேரில் பார்த்ததும் பேச்சு வராமல் போன அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கும்! அதோடு எல்லாம் முடிந்தது என்றே பலரும் எழுந்து போயிருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் பிற்பாதியைக் கொடுக்க ஆசையாக இருக்கிறது.

நடுவில் வரும் பனி உருண்டைச் சண்டை, நாய், விழப்போகும் குழந்தையைப் பாய்ந்து பிடிக்கும் லில்லி, காவல் நிலையம் எல்லாம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பட்டன. நன்றி மடலில் இதையும் சொல்வது, எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துத்தான் நன்றி சொல்கிறேன் என்று நீங்கள் அறியவேண்டும் என்பதற்காக. அதே காட்சிகளைப் படித்துவிட்டு என் சித்தி மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் விட்டுப்போன புத்தகத்தைத்தான் நான் எடுத்துப் படித்தேன், அவளுக்கும் இந்த இடத்தில் நன்றி.

லில்லியின் பெரிய பாட்டி மிஸஸ் பேசில் ஈ-யைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிராமர்சி பார்க் வீட்டில் கம்பீரமாக வாழும் அந்தக் கிழவிக்கு அந்தப் பெயர் வந்தது ஈ.எல். கோனிக்ஸ்பர்க் 1967-இல் எழுதிய சிறுவர் நாவலிலிருந்து. வீட்டைவிட்டு ஓடிப்போய் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒளிந்து வாழும் அக்கா-தம்பியின் கதை அது. நியூபெரி பதக்கம் பெற்றது. அந்தப் பாட்டி பேத்தியைப் பொத்திப்பொத்தி வைப்பதுமில்லை, கண்டபடி விட்டுவிடுவதுமில்லை. வாசலில் ஒற்றைப் பூட்ஸோடு வந்து நிற்கும் பையனை அவர் எடைபோடும் காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன். காதலிக்கிற பிள்ளைகளைக் கண்டால் பதறாத ஒரு பெரியவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஸ்ட்ராண்ட் கடைக்கும் உங்கள் வழியாக ஒரு நன்றி. 1927-இல் பெஞ்சமின் பாஸ் தொடங்கிய கடை. நான்காவது அவென்யூவில் 'புத்தக வரிசை' என்று அழைக்கப்பட்ட தெருவில் அன்றைக்கு 48 புத்தகக் கடைகள் இருந்தனவாம். மிஞ்சியது இது ஒன்றுதான். பதினெட்டு மைல் நீளத்துக்குப் புத்தகங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கடை. நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 அக்டோபரில், நிறுவனரின் பேத்தி நான்சி பாஸ் வைடன் வருமானம் 70 சதவீதம் விழுந்துவிட்டது, கைகொடுங்கள் என்று வாசகர்களிடம் வெளிப்படையாகக் கேட்டார். அந்த வார இறுதியில் கடைவாசலில் வரிசை நின்றது, இணையத்தில் சுமார் 25,000 ஆர்டர்கள் குவிந்தன. அடுத்த சில வாரங்களில், நவம்பர் 10 அன்று, உங்கள் கதை நெட்ஃபிளிக்ஸில் எட்டுப் பகுதித் தொடராக வந்தது. கூட்டமே கூட முடியாத அந்த வருடத்தில், தொற்றுக்கு முன் படமாக்கிய நெரிசலான கிறிஸ்துமஸ் தெருக்களை உலகம் வீட்டுக்குள் இருந்து பார்த்தது. நானும் பார்த்தேன், டூட்டிகளுக்கு நடுவில். டாஷ் அலுத்துக்கொள்ளும் அந்தச் சந்தடிக்காக நான் ஏங்கினேன்.

டாஷ்-லில்லி கதையின் தொடர்ச்சியாக 2016-இல் வந்த அடுத்த நாவலில் லில்லியின் தாத்தாவுக்கு மாரடைப்பு வருகிறது. கிறிஸ்துமஸுக்காகவே வாழும் பெண் கிறிஸ்துமஸில் ஆசையற்றுப் போகிறாள். அவளை மீட்டெடுக்க டாஷ் படும் பாடுதான் கதை. முதல் நாவலின் துள்ளல் அதில் இல்லை. ஆனால் நோயாளியின் வீட்டில் பண்டிகை எப்படி இருக்கும் என்பது அதில் சரியாக இருக்கிறது. மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்வேன்.

கடைசியாக ஒரு விருப்பம். இந்த நாவலைத் தமிழில் படிக்க ஆசைப்படுகிறேன். யாராவது முன்வந்தால், ஒருவரே எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவேண்டாம். இருவர் செய்யட்டும். டாஷின் அலட்டலையும் சொல் விளையாட்டையும் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், லில்லியின் மூச்சுவிடாத உற்சாகத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் மதுரையிலும் ஒருவர் யாழ்ப்பாணத்திலும் இருந்தால் இன்னும் நல்லது, பேச்சுத்தமிழே இரண்டு குரலாகக் கேட்கும். ஓர் அத்தியாயம் முடிந்ததும் அனுப்பிவிட்டு மற்றவரின் பதிலுக்குக் காத்திருக்கட்டும், நீங்கள் இருவரும் காத்திருந்ததைப் போல. அப்படி ஒரு புத்தகம் வெளிவந்தால் முதல் பிரதிகள் சிலவற்றை நானே வாங்கி, தீபாவளி டூட்டிக்கு எங்கள் ஆய்வக அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

உங்கள் வாசகி